கஞ்சாச் செடியிலிருந்து புது ஆன்டிபயாடிக் வருமா? அப்பாவின் கால் புண்ணுக்கு அது உதவுமா?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை வந்து 15 வருடம். தாளடி நடவின்போது பாதத்தில் ஏதோ குத்தியிருக்கிறது. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது புண் பெரிதாகிவிட்டது. கல்ச்சர், அதாவது புண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை, செய்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ரிப்போர்ட். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அது. இதற்கிடையில், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைக் கஞ்சா கொல்கிறது, அதிலிருந்து புது ஆன்டிபயாடிக் வந்துவிட்டது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அது உண்மையா, அந்த எண்ணெயைப் புண்ணில் தடவலாமா, இது மருந்தாகிவிட்டால் நாளைக்கு டெல்டாவில் பயிர் செய்ய முடியுமா என்று மூன்று கேள்விகள்.

நான் தஞ்சாவூரில் மைக்ரோபயாலஜி லேபில் 30 வருடத்துக்கு மேல் கல்ச்சர் தட்டு பார்த்தவன். அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தடவாதீர்கள். இலையை அரைத்துக் கட்டுவதும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், வாய்வழியாகக் கொடுப்பதும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதே சமயம் அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதற்குள் உண்மையான, நான் பல வருடமாக ஆவலோடு கவனித்து வரும் ஒரு விஷயம் இருக்கிறது. அது எதுவரை உண்மை, எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டியது.

நம் ஊர்க் கல்லூரிகளில் மைக்ரோபயாலஜி படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு இலையை வைத்துத்தான் புராஜெக்ட் செய்திருப்பார்கள். குப்பைமேனி, தும்பை, வேப்பிலை, துளசி என்று ஏதோ ஒன்றை ஆல்கஹாலில் ஊறவைத்து, சாற்றைக் காகித வில்லையில் நனைத்து, கிருமி பூசிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் காலையில் வில்லையைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் தெரியும். அந்த இடத்தில் கிருமி வளரவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளின் முகத்தில் அன்றைக்கு வரும் சந்தோஷத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வட்டம் வர எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று கணக்குப் பார்த்தால், ஒரு மில்லி லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கும். அந்த அளவை மனித உடம்புக்குள் ஏற்ற வழியே இல்லை. அதனால்தான் அத்தனை வட்டங்கள் வந்தும் ஒரு மருந்தும் வரவில்லை.

கஞ்சா இதிலிருந்து விலகி நிற்கிறது. 2008-இல் இத்தாலியைச் சேர்ந்த ஜொவான்னி அப்பெண்டினோவும் லண்டனைச் சேர்ந்த சைமன் கிப்பன்ஸும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கஞ்சாவில் இருக்கும் கன்னாபினாய்டுகள் என்ற சேர்மங்களில் முக்கியமான ஐந்தைத் தனித்தனியாகப் பிரித்து, அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகைகள் மீது சோதித்திருந்தார்கள். போதை தருகிற டி.எச்.சி.யும் அதில் இருந்தது, போதை தராத சி.பி.டி., சி.பி.ஜி. ஆகியவையும் இருந்தன. கிருமியின் வளர்ச்சியை நிறுத்த மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 2 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குக் கொடுக்கும் வாங்கோமைசினும் ஏறக்குறைய இதே அளவில்தான் வேலை செய்கிறது. ஒரு செடியிலிருந்து எடுத்த பொருள் இந்த வரிசையில் வந்து நிற்பது அபூர்வம். கட்டுரையைப் படித்த அன்று லேபில் இருந்த எல்லோரிடமும் அதைக் காட்டிக்கொண்டே திரிந்தேன்.

அப்புறம் பழைய கட்டுரைகளைத் தேடினால், இது புதிய செய்தியே இல்லை. 1950-களிலேயே செக்கோஸ்லோவாக்கியாவின் ஒலொமோட்ஸ் பல்கலைக்கழகத்தில் கஞ்சாச் சாற்றைக் கிருமிநாசினியாகச் சோதித்திருக்கிறார்கள். 1976-இல் நெதர்லாந்தில் வான் கிளிங்கெரன், டென் ஹாம் என்ற இருவர் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளைக் கொல்வதைக் காட்டினார்கள். மில்லி லிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம். அப்படியென்றால் 70 வருடமாகத் தெரிந்த விஷயம் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? வீடியோக்கள் சொல்வதுபோல மருந்துக் கம்பெனிகள் மூடி மறைத்தார்கள் என்பதில்லை. பதில் அந்த 1976-ஆம் வருடக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

அந்த இரண்டு பேரும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கிருமி வளர்க்கும் ஊடகத்தில் கொஞ்சம் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரைக் கலந்து, அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கலந்தது 4 சதவீதம்தான். முன்பு சில மைக்ரோகிராமில் செத்த கிருமிக்கு இப்போது பத்து மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. 4 சதவீதச் சீரத்துக்கே இந்தக் கதி. நம் உடம்பில் ஓடும் ரத்தத்தில் பாதிக்கு மேல் அந்த நீர்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வருகிறது. கல்லணைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வழியில் மணல் குடித்தது, தலைமடை எடுத்தது, மதகில் நின்றது போக மிச்சம்தான் அவருக்கு. மருந்துக்கும் இதே கதைதான். சி.பி.டி.யை வாயால் விழுங்கினால் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ரத்த ஓட்டத்துக்கு வந்து சேர்கிறது. மீதியைக் குடலும் கல்லீரலுமே முடித்துவிடுகின்றன. வந்து சேர்ந்ததிலும் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட மருந்து கிருமியைத் தொடாது. சர்க்கரை நோயாளியின் பாதம் உடம்பின் கடைமடை. அங்கே ரத்தக்குழாயே சுருங்கியிருக்கும். தட்டில் கிருமியைக் கொன்ற 2 மைக்ரோகிராம் அந்தப் பாதம் வரைக்கும் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

இது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? கன்னாபினாய்டுகள் எண்ணெய்த்தன்மை உள்ளவை. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். கஞ்சாச் செடியின் பூவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சின்னச் சின்னச் சுரப்பி முடிகளில் பிசினாகச் சேர்வதும் இதனால்தான். கிருமியைக் கொல்லும் திறமை இந்த எண்ணெய்த்தன்மையில்தான் இருக்கிறது. மருந்தாக முடியாமல் தவிப்பதும் இதே எண்ணெய்த்தன்மையால்தான். இதைப் பிடித்துக்கொண்டால் இந்த ஆராய்ச்சி முழுவதும் விளங்கிவிடும்.

பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ன செய்கிறது என்றால், அந்த மருந்து பிடிக்க முடியாத வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டு சுவரைக் கட்டுகிறது. பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி என்ன செய்யும்? சி.பி.ஜி. பூட்டுப் பக்கமே போவதில்லை. சுவருக்குள்ளே கிருமியைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வில் நேராகக் கலந்து அதைக் குலைக்கிறது. புரதத்தை மாற்றுவது கிருமிக்கு எளிது, சவ்வு முழுவதையும் மாற்றுவது கஷ்டம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 20 நாள் விடாமல் சி.பி.டி.க்கு எம்.ஆர்.எஸ்.ஏ.வைப் பழக்கப்படுத்திப் பார்த்தார்கள். எதிர்ப்பு மிகக் குறைவாகவே வளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்த டாப்டோமைசின் என்ற மருந்துக்கோ நன்றாகவே வளர்ந்துவிட்டது. இது பெரிய ஆறுதல். ஆனாலும் 20 நாள் என்பது 20 வருடம் இல்லை.

2020-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன் குழு செய்த வேலைதான் இதுவரை நடந்ததிலேயே முக்கியமானது என்பது என் கருத்து. 18 கன்னாபினாய்டுகளை வரிசையாகச் சோதித்து, போதை தராத சி.பி.ஜி.யைத் தேர்ந்தெடுத்தார்கள். தூங்கிக்கிடக்கும் கிருமிகளையும் அது கொன்றது. கிருமிகள் கூட்டமாகக் கூடிப் பிசின் போர்த்திக்கொள்ளும் படலத்தையும் கலைத்தது. ஆறாத புண்ணில் நம்மைத் தோற்கடிப்பவை இந்த இரண்டும்தான். அப்புறம் எம்.ஆர்.எஸ்.ஏ. ஏற்றிய எலிகளுக்குச் சி.பி.ஜி. கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கோமைசினுக்குச் சமமாகக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்தது. தட்டிலிருந்து ஓர் உயிருள்ள உடம்புக்கு இது தாண்டிய முதல் வாய்க்கால் அதுதான். ஆனால் கொடுத்த அளவு எலியின் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அது அதிகம். சுமார் 32 மைக்ரோகிராம் செறிவில் சி.பி.ஜி. சிவப்பணுக்களையும் உடைக்கத் தொடங்குகிறது என்பதையும் அதே குழு எழுதியிருந்தது. மறைக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதுதான் நல்ல அறிவியல். கிருமியின் சவ்வும் கொழுப்பு, நம் சிவப்பணுவின் சவ்வும் கொழுப்பு. 2-இல் கிருமி சாகிறது, 32-இல் நம் அணு உடைகிறது. இந்த இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். அதற்கு மூலக்கூறின் வடிவத்தில் கொஞ்சம் வெட்டி ஒட்டி மாற்ற வேண்டும். வேதியியல் ஆட்கள் இப்போது செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் பெரிய சிக்கல். கிருமிகளை நாங்கள் கிராம் சாயம் போட்டு இரண்டாகப் பிரிப்போம். ஊதா நிறத்தில் தெரிவது கிராம் பாசிட்டிவ். ஸ்டஃபைலோகாக்கஸ் அந்த வகை, மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்துபோல இருக்கும். இளஞ்சிவப்பாகத் தெரிவது கிராம் நெகட்டிவ், ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் எல்லாம் அந்த வகை. இந்தக் கூட்டத்துக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. எண்ணெய்த்தன்மை உள்ள பொருள் அதைத் தாண்டி உள்ளே போகாது. தனியாகச் சி.பி.ஜி. கொடுத்தால் ஈ.கோலிக்கு ஒன்றும் ஆகவில்லை. மெக்மாஸ்டர் குழு செய்த கெட்டிக்காரத்தனம், கூடவே பாலிமிக்சின் பி என்ற மருந்தைக் கொஞ்சமாகச் சேர்த்தது. அது வெளிச்சவ்வில் உடைப்பு எடுத்துக் கொடுத்தது, சி.பி.ஜி. உள்ளே புகுந்து உள்சவ்வைக் குலைத்தது. மேலே சொன்ன நான்கு கிருமிகளும் தட்டில் அடங்கின. பாலிமிக்சினும் அதன் உடன்பிறப்பான கோலிஸ்டினும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகள். குறைந்த அளவே போதும் என்றால் அது எத்தனையோ ஐ.சி.யு. நோயாளிகளுக்கு வரம். 2010-இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றி லான்செட் குழுமத்தின் இதழில் வந்த கட்டுரையில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. அந்தக் கிருமிகளுக்கு அன்று பெரும்பாலும் மிஞ்சியிருந்தவை கோலிஸ்டினும் டைகெசைக்ளினும்தான். அதனால் இந்த ஜோடி மருந்து யோசனையை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் டெல்டாவின் சேற்றில் இன்னொரு கிருமி இருக்கிறது. அதைப் பற்றி இந்தத் தம்பிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மெலியாய்டோசிஸ் என்ற நோய். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமலை. 1911, 1912 வாக்கில் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவரோடு வேலை பார்த்த சி.எஸ்.கிருஷ்ணசாமியும் இதை முதலில் விவரித்தார்கள். நெல்வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். மழைக்காலத்தில் அதிகம் வரும். வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் தேடித் தேடிப் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கிறது. லேபில் கவனக்குறைவாக இருந்தால் இதைச் 'சூடோமோனாஸ் இனம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்தக் கிருமி பிறவியிலேயே பாலிமிக்சினுக்கு அடங்காதது. அதனால் சி.பி.ஜி.யும் பாலிமிக்சினும் சேர்ந்த ஜோடி இங்கே செல்லாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியை இரண்டு வாரமாவது போட்டு, அதற்கப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதம் போலத் தொடர வேண்டும். நல்ல மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிருமியைச் சரியாகக் கண்டுபிடித்தால் மட்டும் போதும். கனடாவில் வேலை செய்யும் மருந்து நம் வயலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும் சொல்கிறேன்.

குயின்ஸ்லாந்து பற்றிச் சொன்னேன். 2021-இல் மார்க் பிளாஸ்கோவிச் குழு அங்கே வெளியிட்ட முடிவுகளில் ஓர் ஆச்சரியம் இருந்தது. கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி கிராம் நெகட்டிவ்தான், ஆனாலும் சி.பி.டி. அதைக் கொன்றது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸையும் கொன்றது. மற்றபடி எலிக்கு உள்மருந்தாகக் கொடுத்தபோது பலன் இல்லை. தோல்மேல் பூசும் வடிவத்தில், தனியாக எடுத்து வைத்த பன்றித் தோலில் சோதித்தபோது பலன் இருந்தது. மூக்கில் பூசி ஸ்டஃபைலோகாக்கஸை ஒழிப்பதற்கான மருந்தாக மனிதர்களிடமும் சின்ன அளவில் சோதித்திருக்கிறார்கள். கன்னாபினாய்டு ஆன்டிபயாடிக் எப்போதாவது முதலில் வருமானால் இந்தப் பூச்சு வடிவத்தில்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. பூசினால் கல்லீரல் இல்லை, வாய்க்கால் இல்லை, நேராகக் கடைமடையிலேயே தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. ஜம்முவில் இருக்கும் மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அனுமதியோடு கஞ்சா வளர்த்து ஆராய்கிறது. அங்கேயே எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு எதிராக டெட்ராஹைட்ரோகன்னாபிடியால் என்ற சேர்மத்தைச் சோதித்து நல்ல முடிவு கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் முட்டுக்கட்டை அந்தக் கரையாத குணம்தான்.

சரி, இப்போது தடவக் கூடாது என்று சொன்னதற்கு வருகிறேன்.

இத்தனை ஆராய்ச்சியிலும் சோதித்தது தனியாகப் பிரித்துச் சுத்தப்படுத்தி, மைக்ரோகிராம் கணக்கில் அளந்த சேர்மத்தை. கள்ளத்தனமாகக் கிடைக்கும் இலையிலோ எண்ணெயிலோ எது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பெரும்பாலான செடிகளில் சி.பி.ஜி. 1 சதவீதம்கூட இருக்காது. செடி அதையே மூலப்பொருளாக வைத்துத்தான் மற்றவற்றைச் செய்துகொள்கிறது. இலையில் மண் இருக்கும், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை இருக்கும், டெட்டனஸ் கிருமியின் வித்தும் இருக்கலாம். சர்க்கரைப் புண்ணில் அதை வைத்துக் கட்டினால் புண்ணுக்குள் விதைத்த மாதிரி. ஒரு சம்பாப் பருவத்தில் ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஏதோ பச்சிலையும் சுண்ணாம்பும் வைத்து ஒன்பது நாள் கட்டிவிட்டு வந்தார். வலி இல்லையே என்று தைரியமாக இருந்திருக்கிறார். நரம்பு செத்த காலில் வலி எப்படி இருக்கும்? அவருடைய தட்டை நான்தான் பார்த்தேன். மூன்று வகைக் கிருமிகள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மகன் லேப் வாசலில் நின்று, "முன்னாடியே வந்திருந்தா எதைக் கொடுத்திருப்பீங்க சார்?" என்று கேட்டார். ரிப்போர்ட்டில் மலிவான இரண்டு மருந்துகளுக்கு எதிரே 'எஸ்', அதாவது கிருமி அடங்கும் என்று இருந்தது. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை.

வாய்வழியாகவும் வேண்டாம் என்றதற்கு வேறு காரணம். சி.பி.டி. கல்லீரலில் மருந்துகளைக் கையாளும் நொதிகளைத் தடுக்கும். இதய, ரத்தக்குழாய் அடைப்புக்காகப் பல சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் குளோபிடோக்ரெல், அந்த நொதிகளில் ஒன்று மாற்றித் தந்தால்தான் வேலை செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். வலிப்பு நோய்க்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்து ஒன்று இருக்கிறது. அதைக் கொடுக்கும்போதே கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டுதான் கொடுக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. அதுவும் முறைப்படி சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு, அளவு பார்த்துச் சேர்ப்பதுதான். எண்ணெயை வாங்கிப் புண்ணில் ஊற்றுவதை எந்த நல்ல சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

பயிர் செய்யலாமா என்ற கேள்வியில் ஏமாற்றமான பதில்தான். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி அனுமதி இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 வருடம் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். உத்தராகண்ட் போன்ற இடங்களில் போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நார்ச்செடிக்கு உரிமம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு விவசாயிக்கு அப்படி ஒரு வழி இப்போது இல்லை. சட்டத்தை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். இந்தச் செடிக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. நம் களிமண்ணும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதற்கு எதிரி. இன்னொன்றும் இருக்கிறது. மருந்துக்கு வேண்டிய சி.பி.ஜி.யை ஒலிவெட்டால், ஜெரானியால் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்து ஆலையிலேயே செய்ய முடியும். 2019-இல் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழு ரொட்டி செய்யும் ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி, சர்க்கரையிலிருந்தே கன்னாபினாய்டுகளைச் செய்யவைத்துவிட்டது. ஆக, மருந்து வந்தாலும் அது வயலில் விளையப்போவதில்லை. குறுவையில் நஷ்டப்பட்டவரிடம் யாராவது இதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்து எப்போது வரும் என்று கேட்டால், வேதியியலைவிட எனக்குப் பணத்தைப் பற்றித்தான் கவலை. ஆன்டிபயாடிக் ஒரு வாரம், இரண்டு வாரம் சாப்பிட்டால் முடிந்தது. அதிலும் புது மருந்து என்றால், கிருமி பழகிவிடாமல் இருக்க அதை விற்காமல் பொத்திவைப்பதுதான் முறை. அமெரிக்காவின் அக்கேஜன் என்ற நிறுவனம் பிளாசோமைசின் என்ற நல்ல மருந்தைக் கண்டுபிடித்து 2018-இல் அனுமதியும் வாங்கியது, 2019-இல் திவாலானது. உலகத்தில் 2019-ஆம் ஆண்டு மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு சாவு நடக்கும் துறையில் மருந்து செய்தவன் திவாலாகிறான் என்பது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். அரசாங்கங்கள் கை கொடுக்காமல் இது நகராது.

கடைசியாக, தம்பி, அப்பாவைப் பற்றி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பெயரைப் பார்த்து மருந்தே இல்லை என்று பயந்துவிடாதீர்கள். வாங்கோமைசின், டெய்கோபிளானின், லினெசோலிட் இருக்கின்றன. பல நேரம் டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்ற மலிவான மாத்திரைகளுக்கே அடங்கும். ரிப்போர்ட்டில் எந்த மருந்துக்கு எதிரே 'எஸ்' போட்டிருக்கிறது என்று பாருங்கள். அது கேட்கும் மருந்து. 'ஆர்' என்றால் கேட்காது. மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்க வேண்டாம்; அப்பாவின் சிறுநீரகம் எப்படி என்று பார்த்துத்தான் அளவு முடிவாகும். தண்ணீரில் இறங்க வேண்டாம், புண் உள்ள காலை ஊன்ற வேண்டாம், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். சேற்றுப்புண்தானே என்று அலட்சியமாக விட்டதில் தொடங்கிய கால்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கல்ச்சருக்கு மேலோட்டமாகப் பஞ்சால் துடைத்து எடுத்தார்களா, புண்ணைச் சுத்தம் செய்த பிறகு ஆழத்திலிருந்து திசு எடுத்தார்களா என்று கேளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் கிருமி ஒன்று, உள்ளே அரிப்பது வேறொன்று என்று இருக்கலாம். எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேவும், பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்று டாப்ளரும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அப்பா வயல் சேற்றில் நின்றவர், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றால் அதையும் சொல்லி, மெலியாய்டோசிஸையும் மனதில் வைத்துக் கல்ச்சரைப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். லேபில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி எழுதி அனுப்பினால், தட்டை இன்னும் சில நாள் வைத்திருந்து பார்ப்பார்.